பொங்கலூர் வண்டியில் ஒரு காலி சீட்

யார்டில் எல்லா வேன்களும் நின்றுகொண்டிருந்தன. திரையில் மட்டும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

முனீஸ் கண்ணைக் கசக்கிவிட்டு எழுந்து போய் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். காலையில் ஆயுத பூஜை போட்ட வண்டிகள். முன்கண்ணாடி நிறையச் சந்தனமும் குங்குமமும் அப்பி, சாமந்தி மாலை தொங்க, பம்பரில் கட்டிய வாழைக்கன்றுகள் புரட்டாசி வெயிலில் துவண்டு, கல்யாணம் முடிந்து களைத்துப்போன மாப்பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. ஒவ்வொரு முன்டயருக்கும் கீழே ஓர் எலுமிச்சம்பழம் காத்திருந்தது. நாளைக் காலை நல்ல நேரத்தில்தான் அதை நசுக்கி வண்டியை எடுப்பார்கள். அதுவரை ஒரு சாவியும் திரும்பாது. டிரைவர்கள் பொரியும் ஸ்வீட் பாக்ஸும் வாங்கிக்கொண்டு மதியமே கிளம்பிவிட்டிருந்தார்கள்.

திரும்பி வந்து மானிட்டரைப் பார்த்தான். வரைபடத்தில் கம்பெனி யார்டின் மேல் பச்சைப் புள்ளிகள் கொத்தாகக் கிடந்தன. கீழே, வெகு தள்ளி, பொங்கலூர்ப் பக்கம் ஒற்றைப் புள்ளி. அது மெதுவாக, பள்ளம் மேடு பார்த்து ஓட்டுகிற டிரைவரின் நிதானத்தோடு நகர்ந்துகொண்டிருந்தது.

"ஜி.பி.எஸ். குழம்பியிருக்கும்" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டான். ஆளில்லாத அறையில் அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

எல்லாம் மத்தியானம் வந்த ஒரு போனில் ஆரம்பித்தது.

சோற்றில் கை வைத்த நேரம். தரணீதரன் சார் கூப்பிட்டார். பனியன் கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் மேனேஜர்.

"முனீசு, சாப்டியா கண்ணு?"

"இப்பத்தான் சார் உக்காந்தேன்."

"மெதுவாச் சாப்புடு. சாப்ட்டுப்போட்டு ஆபீஸ் வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துரோணும். வண்டி சாப்ட்வேர் புட்டுக்கிச்சு. நாளைக்குக் காலைல மெசேஜ் போகலைன்னா புள்ளைங்க அத்தனையும் ரோட்டுலதான் நிக்கும்."

அது நிஜம். எந்த வண்டி எந்த ஊர் வழியாகப் போக வேண்டும், எந்த ஸ்டாப்பில் யார் ஏற வேண்டும், எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் அந்த சாப்ட்வேர்தான் போட்டுக் கொடுக்கும். வண்டி கிளம்பியதும் ஏறவேண்டிய தொழிலாளிப் பெண்களின் போனுக்குச் செய்தி போகும். அவர்கள் ஏறி கார்டைத் தட்டினால் பெயருக்கு நேரே 'ஏறியாச்சு' என்று விழும். ஐந்தாறு வருஷமாகக் கம்பெனி அதை நம்பித்தான் விடிகிறது. அதைக் கட்டி மேய்ப்பது முனீஸின் வேலை.

"நேத்து எடுத்த பேக்கப்பைப் போட்டுரவா சார்?"

"அதுவும் கெட்டுப்போச்சாமா. என்ற டிராயர்ல ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்குது. சாவிய வாட்ச்மேன்கிட்டக் குடுத்திருக்கறேன். அதுல பழைய காப்பி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். அதைப் போட்டுரு."

"காலைல பூஜை போட்ட மெஷினாச்சே சார். இன்னிக்குத் தொடலாமா?"



"நீயே உன்ற கையால போடோணும் கண்ணு. வேற ஆரையும் தொட உடாத" என்றார். அப்புறம் சிரித்தார். "சாமி கண்ணை மூடிக்கும், போ."

முனீஸ் வேறெதுவும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கமும் இல்லை. அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு பையோடு வந்து, துணி பண்டல் தூக்கிக்கொண்டிருந்தவனைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தவர் அவர். நதியாவுக்கும் அவனுக்கும் கல்யாணம் என்றபோது, அப்பா இல்லாத குறை தெரியாமல் மேடையில் ஏறி நின்று தாலியை எடுத்துக் கையில் கொடுத்தவர். அந்த மனுஷர் கிணற்றில் குதி என்று சொன்னால் எந்தக் கிணறு என்று மட்டும்தான் முனீஸ் கேட்பான்.

கேட்டில் வாட்ச்மேன் கிட்டுசாமி பொரியும் கடலையுமாக உட்கார்ந்திருந்தார். சாவியைக் கொடுக்கும்போது ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஏனுங்க முனீசு, பூசை வெச்சதை இன்னிக்கித் தொடலாமுங்களா?"

"சார் சொல்லிட்டாருங்க."

"சார் சொன்னா சரிதானுங்க. ஆனா ஒரு எலுமிச்சம்பழத்த நசுக்கிப்போட்டு ஆரம்பியுங்க. சும்மா எழுப்புனா காவு கேக்குமுங்க."

"எங்க நசுக்குறது, கீபோர்டு மேலயா?"

கிட்டுசாமி வாய் நிறையப் பொரியோடு சிரித்தார். அவனும் சிரித்துக்கொண்டே மாடி ஏறினான். அன்றைக்கு அவன் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

சர்வர் அறை சின்னது. ஏ.சி. அணைந்து கிடந்ததால் காலையில் காட்டிய கற்பூரத்தின் வாசனை சுவரோடு ஒட்டிக்கொண்டு போகாமல் நின்றது. சர்வரின் நெற்றியில் யாரோ தாராளமாகச் சந்தனம் பூசி, மேலே ஒரு முழம் பூ வைத்திருந்தார்கள். பூவை எடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. அப்படியே விட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினான். விசிறி முனகிக்கொண்டு எழுந்தது.

டிஸ்க்கில் ஒரே ஒரு காப்பிதான் இருந்தது. பெயரில் ஆனி மாசத்துத் தேதி. பக்கத்தில், கடைசியாகத் திருத்தியது நேற்றுச் சாயங்காலம் என்று காட்டியது. எடுத்து வைத்த பேக்கப்பை யாரும் திறந்து திருத்த மாட்டார்கள். அது அவன் கண்ணில் பட்டது. பட்டும், சார் கொடுத்ததுதானே என்று விட்டுவிட்டான்.

'இப்போதுள்ள விவரங்கள் அனைத்தும் அழிந்துவிடும். பழைய விவரங்களை ஏற்றலாமா?'

ஏற்றலாம் என்று தட்டினான்.

இப்போது அந்தப் புள்ளி ஓடிக்கொண்டிருந்தது.

முனீஸ் அதன் மேல் சுட்டியை வைத்தான். சின்னக் கட்டம் ஒன்று விரிந்தது. பொங்கலூர் வண்டி. டிரைவர்: சீனிச்சாமி.



ஆடி மாசத்தில் ஒரு நாள், விடாமல் மழை பெய்த காலையில், சீனிச்சாமி ஓட்டி வந்த அந்த வேன் வாய்க்கால் கரையிலிருந்து வழுக்கித் தண்ணீருக்குள் போனது. கிரேன் வந்து தூக்கியபோது மத்தியானமாகிவிட்டது. உள்ளே இருந்தவர்களில் ஒருத்திகூட சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை, ஸ்டாப் வரட்டும் என்று காத்திருப்பவர்களைப்போல வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள் என்று தூக்கியவர்கள் சொன்னார்கள். வண்டியைக் காயலான் கடையில் உடைத்துவிட்டார்கள். அந்த ரூட்டை சாப்ட்வேரிலிருந்து அழித்தது முனீஸ்தான். அழித்துவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வந்தான்.

இது ஆனி மாசத்துக் காப்பி. அதனால் அந்த வண்டி இருக்கிறது. சரி. இருக்கலாம். அதில் வியப்பில்லை.

ஆனால் ஓடக் கூடாது.

புள்ளி கிளம்பி வந்த இடத்தைப் பார்த்தான். அது வந்த வழியைக் காட்டிய கோட்டின் வால் வாய்க்காலில் முடிந்தது. கரையில் இல்லை. நீல நிறத்துக்கு நடுவில்.

புள்ளி ஒரு ஸ்டாப்பில் நின்றது. பக்கத்துப் பட்டியலில் ஒரு பெயர் நிறம் மாறியது.

கருப்பாத்தாள். ஏறியாச்சு.

மறுபடி நகர்ந்தது. மறுபடி நின்றது.

சாரதாமணி. ஏறியாச்சு.

ராக்கம்மாள். ஏறியாச்சு.

முனீஸுக்கு அவர்கள் எல்லோரையும் தெரியும். ராக்கம்மாள் அவன் ஊர்க்காரி, பார்க்கும்போதெல்லாம் "என்னடா மாப்ள, கம்ப்யூட்டரு கஞ்சி ஊத்துதா?" என்று கேட்கிறவள். அவள் சாவுக்கு அவன் தோள் கொடுத்திருக்கிறான். பாடை ரொம்பக் கனமாக இருந்தது. உடம்புக்குள் இன்னும் தண்ணீர் இருப்பதாக முன்னால் தூக்கியவன் முணுமுணுத்தது இப்போது காதுக்குள் கேட்டது.

அறையில் கற்பூர வாசனை மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. அதன் அடியிலிருந்து வேறொன்று எழும்பி வந்தது. ஈர மண்ணும் அழுகின பாசியும் நனைந்த துணியும் கலந்த வாசனை. சர்வர் விசிறியின் முனகலுக்குப் பின்னால் எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம். பாத்ரூம் குழாயை யாராவது மூடாமல் போயிருப்பார்கள் என்று நினைத்தான். இன்றைக்குக் கம்பெனியில் யாருமில்லை என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

புள்ளி மண் ரோட்டில் திரும்பியது. அந்த ரோடு அவனுக்குத் தெரியும். தென்னந்தோப்பு, கம்பி கேட், கேட்டுக்கு அந்தப் பக்கம் தரணீதரன் சாரின் தோட்டத்து வீடு.

அவர் மகள் ஜனனி அந்த வண்டியில்தான் வருவாள். ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசிங் பிரிவில் வேலை. அப்பாவின் காரில் வந்தால் பிரெண்ட்ஸ் கேலி செய்வார்கள் என்று அடம்பிடித்து வேனில் ஏறுகிறவள். வண்டி வாய்க்காலுக்குள் போன அன்றைக்குக் காய்ச்சல் என்று படுத்துவிட்டாள். கேட்டில் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு சீனிச்சாமி கிளம்பிப் போனார். அவள் சீட் மட்டும் காலி.

அதற்கப்புறம் ஜனனி வீட்டை விட்டு வெளியே வரவில்லை. வார்த்தையும் குறைந்துபோனது. நதியாதான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய், தலை வாரிவிட்டு, ரசம் சாதம் ஊட்டிவிட்டு வருவாள். போன வாரம் திரும்பி வந்தவள் முகம் சரியில்லை. "அந்தப் புள்ள என்னமோ சொல்லுதுங்க. தினம் பொழுது சாயிற நேரத்துல கேட்டுல ஹாரன் அடிக்குதாம். 'அக்கா, என் சீட்டக் காலியாவே வெச்சிருக்காங்க'ன்னு சொல்லி என் கையப் புடிச்சுக்கிருச்சு. கை அப்படி ஒரு சில்லு" என்றாள்.

புள்ளி கேட்டை நெருங்கியது.

முனீஸ் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். இது மெஷின் கோளாறு. வெறும் புள்ளி. ஆனாலும் சாரை எச்சரிக்கப் போனை எடுத்தான். கேட்டைப் பூட்டுங்க சார், ஜனனியை வெளிய விடாதீங்க...

புள்ளி கேட்டைத் தாண்டிப் போனது. நிற்கவே இல்லை.

அவனுக்கு மூச்சு வந்தது. 

ஏன் நிற்கவில்லை? ஆனி மாசத்துக் காப்பியில் ஜனனியின் ஸ்டாப் இருக்க வேண்டுமே?

பட்டியலைக் கீழே உருட்டினான். ஜனனி என்ற பெயரே இல்லை. அவள் இருந்த கடைசி வரியில், ஜன்னலோர சீட்டுக்கு நேரே, வேறு பெயர்.

நதியா. நல்லூர், மாரியம்மன் கோயில் சந்து. அவன் வீட்டு முகவரியேதான்.

பொங்கலூர் வண்டி என்றைக்கும் நல்லூருக்குள் நுழைந்ததில்லை. நதியா அந்த வண்டியில் ஒரு நாளும் ஏறியதில்லை.

அழித்தான். வரி போனது. திரை ஒருமுறை இமைத்தது. வரி வந்தது.

மறுபடி அழித்தான். வந்தது.

வண்டியையே அழிக்கப் பார்த்தான். 'ஓட்டத்தில் உள்ள வண்டியை அழிக்க முடியாது.'

நேற்றைய பேக்கப்பைத் தேடினான். கெட்டுப்போனதாகச் சார் சொன்ன அது, அதன் இடத்தில், நல்லபடியாகத்தான் இருந்தது. அதை எடுத்து ஏற்றினான். பச்சைப்பட்டை பாதிவரை ஓடி, நின்று, பின்வாங்கியது. திரையில் அதே வண்டி. அதே பெயர். புள்ளி மட்டும் இன்னும் கொஞ்சம் மேலே வந்திருந்தது.

போன் அலறியது. நதியா.

"ஏங்க, வேலை முடிஞ்சுச்சா?"

"நதியா, எங்க இருக்க?"

"வீட்லதான். பூ வெச்சுக்கிட்டு இருக்கேன். தரணி சார் போன் போட்டாக. காலைல நான் பூஜைக்கு வரலைல்ல, நம்ம ஸ்வீட் பாக்ஸை ஆபீஸ்ல எடுத்து வெச்சிருக்காகளாம். வண்டி அனுப்புறேன், ஏறி வந்துரும்மா, புருசன்கூடச் சேந்து போயிரலாம்னாக. லீவு நாள்ல எனக்கு மட்டும் வண்டி! பாத்தீகளா எம்புட்டு மரியாதைன்னு?"

"ஏறாத."

"என்னது?"

"எந்த வண்டி வந்தாலும் ஏறாத புள்ள! கதவப் பூட்டிட்டு உள்ள இரு!"

"ஒண்ணுமே கேக்கலீங்க. உங்க பக்கம் ஒரே தண்ணிச் சத்தமா இருக்கு. குழாயத் தொறந்து விட்டுட்டு உக்காந்திருக்கீகளா?"

"நதியா..."

லைன் அறுந்தது. மறுபடி போட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு குரல். மறுபடி. அதே குரல். ஆனால் அதற்குப் பின்னால் யாரோ இருமுகிறார்கள். தண்ணீர் புரையேறின இருமல்.

சாருக்குப் போட்டான். முதல் மணியிலேயே எடுத்தார், அதற்காகவே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப்போல.

"சார், அந்த வண்டி..."

"போயிருச்சு கண்ணு."  அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "என்ற ஊட்டு கேட்டைத் தாண்டிப் போயிருச்சு. ஆடியிலிருந்து இன்னிக்குத்தான் மொத நாளு, நிக்காமப் போச்சு. ஜனனி எந்திரிச்சு உக்காந்து சோறு கேக்கறா முனீசு."

"சார், அதுல நதியா பேரு இருக்கு சார்."

அந்தப் பக்கம் யாரோ தட்டில் சோறு போடுகிற சத்தம் கேட்டது.

"சார்!"

"அந்த சீட்டு காலியா இருக்கற வரைக்கும் அது வந்துக்கிட்டேதான் இருக்குமாமா. உள்ள இருக்கறவங்களே ஜனனிகிட்டச் சொன்னாங்களாமா." அவர் நிதானமாக, கணக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார். "வேற பேரை நான் எழுதினா மட்டும் ஆகாதாமா. அந்தப் பேருக்காரி ஊட்டு ஆளே தன்ற கையால குடுக்கோணுமாமா. நான் எங்க கண்ணு போவேன்? நாஞ் சொன்னா ஏன் எதுக்குன்னு கேக்காமச் செய்யற ஆளு இந்த ஊர்ல எனக்கு ஆரு இருக்கறாங்க, உன்ன உட்டா?"

 மேடையில் தாலியை எடுத்துக் கொடுத்த அந்தக் கை. அதில் போட்டிருந்த பச்சைக்கல் மோதிரம். எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

"அவ உங்க புள்ளைக்கு சோறு ஊட்டுனவ சார்."

"தெரியும் சாமி. அதனாலதான் ஜனனி அந்தப் பேரைச் சொன்னா. நதியாக்கான்னா நான் சீட்டைக் குடுத்தர்றேன்னா." அப்புறம் ஆறுதல் சொல்கிறவரைப்போலச் சொன்னார். "உனக்குச் சின்ன வயசு கண்ணு. மனசைத் தளர உடாத. ஒரு வருசம் போகட்டும். நானே முன்ன நின்னு இன்னொரு கல்யாணம் பண்ணி வெக்கறேன்."

முனீஸ் போனைத் தூக்கிச் சுவரில் அடிக்க ஓங்கினான். அடிக்கவில்லை. நதியா கூப்பிடுவாள்.

சர்வரின் வயரைப் பிடித்து இழுத்தான். பிளக் கையோடு வந்தது. விசிறி நின்றது. திரை செத்தது. அறை முழுக்க அமைதி.

அந்த அமைதியில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

அவன் கையிலிருந்த போன் அதிர்ந்தது. கம்பெனி செயலி தானாகவே திறந்திருந்தது. புள்ளி மெயின் ரோட்டைப் பிடித்துவிட்டது. நல்லூர் நோக்கி.

ஓடினான். படிகள் ஈரமாக இருந்தன. வழுக்கிக் கைப்பிடியில் மோதி எழுந்து ஓடினான். கேட்டில் கிட்டுசாமி எழுந்து நின்று "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்றது முதுகுக்குப் பின்னால் போனது. பைக் மூன்றாம் உதையில் கிளம்பியது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வழியெல்லாம் கடை வாசல்களில் உடைத்துப் போட்ட பூசணிக்காய்கள், குங்குமம் பூசின சதையைக் காட்டிக்கொண்டு கிடந்தன. ஒர்க் ஷாப்புகளின் முன்னால் சீரியல் பல்புகள். வடக்கத்திப் பையன்கள் தங்கியிருக்கிற மாடியிலிருந்து ஹிந்திப் பாட்டு. பூஜை போட்ட ஆட்டோக்கள், லாரிகள், டெம்போக்கள் எல்லாம் சந்தனப் பொட்டோடு ரோட்டோரம் தூங்கின. ஊரே திருஷ்டி கழித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

அவன் மட்டும் விரட்டினான். ரோட்டின் குறுக்கே ஒரு பூசணித் துண்டு. டயர் வழுக்கியது. விழுந்தான். முழங்கை கிழிந்தது. வண்டியை நிமிர்த்தினான். மறுபடி உதைத்தான். எரிந்தது. பரவாயில்லை. எழு. போ.

ஹாரன் கேட்டது.

ஒருமுறை நீளமாக. அப்புறம் இரண்டு முறை சின்னதாக. சீனிச்சாமி மட்டும்தான் அப்படி அடிப்பார்.

மாரியம்மன் கோயில் சந்தின் முனையில் வண்டி நின்றுகொண்டிருந்தது. வெள்ளை வேன். மாலை இல்லை. வாழைக்கன்று இல்லை. அன்றைக்கு ஊரில் பொட்டு வைக்காத ஒரே வண்டி அதுவாகத்தான் இருக்கும். பின்னால் மாட்டிக்கொண்ட ஒரு மொபட்காரர் "யோவ், ஓரமா நிறுத்துய்யா! உங்கப்பன் ஊட்டு ரோடா?" என்று கத்தினார். அப்படியானால் அவருக்கும் தெரிகிறது. கனவு இல்லை.

ஜன்னல் கண்ணாடிகளுக்குப் பச்சை பேப்பர் ஒட்டியிருக்கிறது என்றுதான் முனீஸ் முதலில் நினைத்தான். கிட்டே போகப் போகத்தான் தெரிந்தது.

பேப்பர் இல்லை. தண்ணீர்.

கூரைவரைக்கும் தண்ணீர். அசையாத, கலங்கின, பச்சைத் தண்ணீர். அதற்குள் அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மடியில் டிபன் பாக்ஸ். கழுத்தில் அடையாள அட்டை. கூந்தல் மட்டும் மேலே எழும்பி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ராக்கம்மாள் ஜன்னல் வழியே அவனைப் பார்த்தாள். அவளுக்கு அவனை அடையாளம் தெரிந்தது.

பக்கக் கதவு திறந்திருந்தது. அந்த வாசலில் தண்ணீர் சுவர் மாதிரி நின்றது. ஒரு சொட்டு ரோட்டில் விழவில்லை.

நதியா படியில் ஒரு காலை வைத்திருந்தாள். மயில்கழுத்து நிறப் புடவை. தலை கொள்ளாத மல்லிகை. அவள் கண்ணுக்கு அது வெறும் வேனாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே யாரிடமோ சிரித்தபடி, "கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா" என்றாள்.

"நதியா!"

திரும்பினாள். பைக்கைப் போட்டுவிட்டு ஓடி வருகிறவனைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்தது. "இந்தா, அவுகளே வந்துட்டாக" என்று உள்ளே சொல்லிவிட்டு, அவனுக்கும் சேர்த்து இடம் பிடிக்கிற அவசரத்தில், தலையைக் குனிந்து ஏறினாள்.

அவன் விரல்கள் முந்தானையைத் தொட்டன. நூல் வழுக்கியது. கதவு மூடியது.

கண்ணாடிக்குள் அவள் முகம். ஒரு கணம் அதே சிரிப்பு. அப்புறம் வாயிலிருந்து குமிழிகள். அப்புறம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மல்லிகைச் சரம் அவிழ்ந்து மேலே போனது. இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தாள். சத்தமே இல்லை. முனீஸ் வெளியே அறைந்தான். கல்லை எடுத்து அடித்தான். கல் உடைந்தது.

"ஏறச் சொன்னது நான் இல்ல புள்ள! நான் இல்ல!"

அவள் அறைவதை நிறுத்தினாள். கையில் திரை இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்த போனை அவன் படிக்கட்டும் என்று கண்ணாடியோடு சேர்த்து வைத்தாள்.

'உங்கள் வண்டி வந்துவிட்டது. உங்களை ஏற்றி அனுப்பியவர்: முனீஸ்.'

வேன் நகர்ந்தது. ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டு, மொபட்டுக்கு வழிவிட்டு, ரோட்டில் போகிற மற்ற வண்டிகளோடு சேர்ந்துகொண்டது. அவன் பின்னாலேயே ஓடினான். ஜன்னலோர சீட்டில் அவளைப் பக்கத்தில் இருந்தவர்கள் தோளைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். அவள் தலையைத் திருப்பி, பின்கண்ணாடி வழியே அவனையே பார்த்துக்கொண்டு போனாள். இப்போது அவள் கண்ணில் பயம் இல்லை. கூந்தல் மற்றவர்களுடையதைப்போல மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருந்தது. இமைக்காமல் பார்த்தாள், தாலி கட்டியவனே தன்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டான் என்று தெரிந்துகொண்ட ஒருத்தி பார்க்கிற பார்வை.